அடியேன் 'நான்' ஆன கதை

தம்பி!

பேயும் இல்லை, பிசாசும் இல்லை என்று மேடைதோறும் முழங்கி வந்தவன் நான். அப்படிப்பட்ட நான், பெற்ற தாயையே பேயாக்கினேன் என்றால் நம்புவாயா? ஆக்கினேன்! அதுவும் பல்கலைக்கழக வகுப்பறையில், ஆசிரியையின் முன்னிலையில், முதல் நாளன்றே ஆக்கினேன்!

மயிலாப்பூரில் பிறந்தவன், அடையாற்றில் குடியிருப்பவன், தியாகராய நகரில், வியட்நாமிலிருந்து மிளகு தருவிக்கும் வணிகர் ஒருவரிடம் கடிதம் எழுதிப் பிழைப்பவன். யவனரின் கலங்கள் மிளகு தேடி வந்த கரை நமது தென்னாட்டுக் கரை. இன்றோ நாம் மிளகு கேட்டு வியட்நாமுக்கு எழுதுகிறோம். தூத்துக்குடியில் வியட்நாம் நிறுவனமான வின்ஃபாஸ்டின் மின் கார் ஆலைக்கு 2024இல் அடிக்கல் நாட்டினார்கள். 2025இல் ஆலை திறந்துவிட்டார்கள். அந்நாட்டாரோடு அவர்கள் மொழியிலேயே பேசினால் என்ன என்ற ஆசை பிறந்தது. சில மாதம் விடுப்புப் பெற்றேன். ஹோ சி மின் நகரம் சென்றேன். 1976 வரை சைகோன் என்று பெயர் தாங்கிய நகரம் அது. அங்கே டின் தியென் ஹுவாங் தெருவிலுள்ள சமூக அறிவியல், மனிதப் பண்பியல் பல்கலைக்கழகத்தில் அயல்நாட்டாருக்கு அரிச்சுவடியிலிருந்து வியட்நாம் மொழி கற்பிக்கிறார்கள். நரை தட்டிய வயதில் நானும் ஒரு மாணவனாக அமர்ந்தேன்.

வியட்நாம் மொழியில் எழுத்து மட்டும் போதாது; குரலின் ஏற்றத்தாழ்வே பொருளைத் தீர்மானிக்கிறது. 'மா' என்பதைக் குரல் உயர்த்திச் சொன்னால் தாய். உயர்த்தாமல் சமமாகச் சொன்னால் பேய். தாழ்த்தினால் 'ஆனால்'. அழுத்தி நிறுத்தினால் நெல் நாற்று. இன்னும் இரு வகையில் கல்லறை, குதிரை. "என் தாய் மயிலாப்பூரில் வாழ்ந்தார்" என்று சொல்ல முயன்றேன். "என் பேய் மயிலாப்பூரில் வாழ்ந்தது" என்று முடித்தேன். வகுப்பே சிரித்தது, நானும் சிரித்தேன். பகுத்தறிவாளன் படைத்த ஒரே பேய் அதுதான்!

எழுத்து என்னைத் துன்புறுத்தவில்லை. இலத்தீன் எழுத்தின் மேலும் கீழும் சில குறிகள், அவ்வளவே. கிறித்துவப் பாதிரிமார் தங்கள் சமயப் பணிக்காக வகுத்த முறை அது. அம்முறையில் அமைந்த அலெக்சாந்தர் தெ ரோத் பாதிரியாரின் அகராதி 1651இல் உரோமில் அச்சேறியது. ஆனால் நெடுங்காலம் அரண்மனை அதை ஏறிட்டும் பார்க்கவில்லை. அதிகாரியாக வேண்டுமா? சீன எழுத்தில் தேர்வு எழுது என்றது. அந்த அரசுத் தேர்வு 1919இல்தான் முற்றாக ஒழிந்தது. விடுதலை அறிவித்த ஆண்டாகிய 1945இல், செப்டம்பர் மாதத்திலேயே, எழுத்தறிவு இயக்கத்துக்கு ஆணை பிறந்தது. தெரிந்தவர் தெரியாதவருக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். உழவன் கையில் எழுத்து வந்தது.

எழுத்து வந்தது சரி. அந்த எழுத்தைக் கொண்டு உழவன் தன்னை என்னவென்று எழுதுவான்? அங்கேதான் தம்பி, எனக்குரிய உண்மையான பாடம் காத்திருந்தது.

இரண்டாம் நாள் ஆசிரியை ஒவ்வொருவரிடமும் வயதைக் கேட்டார். வம்புக்கு அல்ல, வயது தெரியாமல் அம்மொழியில் வாய் திறக்க இயலாது. 'நான்', 'நீ' என்று எல்லாருக்கும் பொதுவாக வழங்கும் எளிய சொற்கள் அங்கே அன்றாடப் பேச்சில் இல்லை. என்னைவிடச் சற்று மூத்த ஆண் என்றால் அவர் 'அன்', அண்ணன்; நான் 'எம்', தம்பி. மூத்த பெண் என்றால் 'சி', அக்கா. அத்தை வயதுள்ளவர் 'கோ'. முதியவர் 'ஓங்', தாத்தா. முறை சொல்லாமல் பேச்சில்லை. அண்ணா என்றும் தம்பி என்றும் அரசியலையே குடும்பமாக்கிப் பேசிய நமக்கு இது புதிதா?

புதிது ஒன்று இருந்தது. எங்கள் ஆசிரியை 'கோ'. பாடம் முடிந்ததும் துடைப்பத்தோடு வகுப்பறைக்குள் வந்த அம்மையாரும் 'கோ'. கற்பிப்பவருக்கும் பெருக்குபவருக்கும் ஒரே சொல்! ஆசிரியை எங்களைப் பார்த்து, அவருக்கு வணக்கம் சொல்லுங்கள் என்றார். எல்லாரும் சொன்னார்கள். என் நாவு மட்டும் எழவில்லை.

ஏன் எழவில்லை தெரியுமா? என் தாய் மயிலாப்பூர்க் குளத்தை ஒட்டிய தெருக்களில் வீடு வீடாகப் பாத்திரம் துலக்கியவர். அந்த வீடுகளின் ஐந்து வயதுச் சிறுவனும் அவரைப் பெயர் சொல்லித்தான் அழைப்பான். "வா", "போ" என்பான். என் தாயோ அவனைச் "சின்னய்யா" என்பார். அந்த ஒரு சொல் என் நெஞ்சில் முள்ளாகத் தைத்துக் கிடந்தது. அந்த முள்தான் என்னைச் சுயமரியாதைக் கூட்டங்களுக்கு இழுத்துச் சென்றது.

மூன்றாம் வாரம் பயிற்சி ஒன்று கொடுத்தார்கள். உங்கள் வீட்டுக்கு நாள்தோறும் வருபவர் ஒருவரைப் பற்றி ஐந்து வாக்கியம் எழுதுக. அடையாற்றில் என் வீட்டில் எட்டு ஆண்டாகப் பாத்திரம் துலக்கும் அம்மையாரைப் பற்றி எழுத எண்ணினேன். "அவர் வயது என்ன? எந்த முறைச்சொல் இடப்போகிறீர்கள்?" என்றார் ஆசிரியை. தெரியவில்லை. "பெயர்?" என்றார். அதுவும் தெரியவில்லை! என் வீட்டில் அவர் "வேலைக்காரம்மா". நான் அவரை அழைப்பது, "இந்தாம்மா, நீ நாளைக்குச் சீக்கிரம் வா" என்று. பாத்திரம் துலக்கியவரின் மகன் நான்! எந்தச் சின்னய்யாவை வெறுத்து வளர்ந்தேனோ, அவனாகவே ஆகிவிட்டிருந்தேன். எந்த ஆதிக்கக்காரனும் என்னை அப்படி ஆக்கவில்லை, வசதி ஆக்கியது. தாள் வெறுமையாகவே கிடந்தது.

அன்று ஆசிரியை வேறொரு சொல்லையும் கற்பித்தார்: 'தோய்'. அறிமுகமில்லாதவரிடமும், செய்தித்தாளிலும், பொது மன்றத்திலும் 'நான்' என்பதற்கு அதுவே சொல். அதன் பழம்பொருள் என்ன? அடிமை, அரசனுக்கு அடங்கிய குடி! 'வுவா தோய்' என்றால் இன்றும் மன்னனும் அவன் குடியும் என்று பொருள். நம் 'அடியேன்' இருக்கிறதே, அதன் உடன்பிறப்பு. மன்னன் தன்னைச் சொல்லத் தனிச்சொல் வைத்திருந்தான்: 'ட்ரம்'. வேறெவரும் அதை வாயால் உச்சரித்துத் தன்னைச் சுட்ட முடியாது. 1945 ஆகஸ்ட் 30இல் கடைசி மன்னர் பாவ் தாய் முடி துறந்தார். மூன்றே நாள்! செப்டம்பர் 2இல் ஹனோயின் பா தின் திடலில் விடுதலை அறிக்கையைப் படித்த ஹோ சி மின், நடுவிலே நிறுத்தி, நான் பேசுவது தெளிவாகக் கேட்கிறதா என்று மக்களை வினவினார். அந்த 'நான்' எது? 'தோய்'! மக்களை அழைத்த சொல் எது? 'டோங் பாவ்', ஒரே கருவறையில் பிறந்தவர்கள்! அடிமையின் சொல் ஆட்சித் தலைவனின் சொல்லாயிற்று. 'ட்ரம்' அரும்பொருட் காட்சிக்குப் போயிற்று.

நாமும் சொல்லோடு போரிட்டவர்கள்தாம். 1929இல் செங்கற்பட்டு மாநாட்டில் பெயருக்குப் பின்னால் தொங்கிய சாதிப் பட்டத்தை வெட்டி எறியத் தீர்மானித்தோம். 1932இல் 'தோழர்' என்று அழைக்கத் தொடங்கினோம். 1967இல் 'ஸ்ரீ' போய்த் 'திரு' வந்தது. மேடையிலும் கோப்பிலும் வென்றோம். சமையலறை வாசலில்? அங்கே இன்னும் 'வா', 'போ' அன்றோ ஆட்சி செய்கிறது!

வியட்நாமைப் புகழ்ந்து பூசை போடச் சொல்லவில்லை, தம்பி. ஒரு சிலையை இறக்கி மறு சிலையை ஏற்றுவது பகுத்தறிவாகாது. அங்கே மனைவி கணவனை 'அன்' என்கிறாள். தன்னை 'எம்' என்கிறாள். அவள் மூத்தவளாயினும் அவனே அண்ணன், அவளே தங்கை! இங்கே கணவனுக்கு 'நீங்கள்', மனைவிக்கு 'நீ'. அந்த ஓட்டை இரு வீட்டிலும் உண்டு. அதை அடைக்கும் வேலை இருவருக்கும் உண்டு.

ஊர் திரும்பினேன். மறுநாள் காலை கதவைத் திறந்து, "வாங்க அக்கா, உங்கள் பெயர் என்ன?" என்றேன். அவர் படியேறாமல் நின்றார். "என்ன தம்பி, சம்பளத்தைக் குறைக்கப் போறீங்களா? இல்லே, நாளையிலேர்ந்து வரவேணாமா?" என்றார். மரியாதை வந்தால் ஆபத்தும் வரும் என்று வாழ்க்கை அவருக்குக் கற்பித்திருந்தது. நூறு மேடைப் பேச்சுக்கு அந்த ஒரு கேள்வி பதில்!

வெறும் 'வாங்க' போதாது என்று அப்போது உணர்ந்தேன். ஞாயிறு விடுமுறை, சம்பளக் குறைவின்றி, என்றேன். ஊதியத்தையும் உயர்த்தினேன். ஈகை என்று எண்ணாதே. எட்டு ஆண்டுக் கடனின் வட்டி அது. நாற்காலியில் உட்கார அவருக்கு மூன்று வாரம் ஆயிற்று. பெயரை முதல் நாளே சொல்லிவிட்டார். நான் கேளாததால்தான் இத்தனை நாள் சொல்லவில்லையாம்.

வெறுமையாகக் கிடந்த அந்தத் தாளை எடுத்து ஐந்து வாக்கியத்தையும் எழுதிவிட்டேன். குரற்குறிகளில் பிழை இருக்கலாம். முறைச்சொல்லில் பிழையில்லை.

உன் வீட்டுக்கு நாள்தோறும் வருபவர் பெயர் உனக்குத் தெரியுமா, தம்பி?