படத்தில் என் கையில் இருப்பது பிரம்பு அல்ல

அன்பான மாணவர்களுக்கும் உறவுகளுக்கும்,

போன ஞாயிற்றுக்கிழமை மகள் எடுத்துப் போட்ட படத்தைப் பார்த்துவிட்டு நிறையப் பேர் எழுதியிருந்தீர்கள். "சேர், இன்னும் பிரம்பை விடவில்லையா?" என்று ஒரு குறும்புக்காரன். "இந்த வயதில் ஐஸ் ஹொக்கியா மாமா, இடுப்பு கவனம்" என்று லண்டனிலிருந்து மருமகள். ஒவ்வொருவருக்கும் தனியாகப் பதில் எழுதக் கண் இடம் தராது. எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன். நீளமாகத்தான் வரும். என்னிடம் படித்தவர்களுக்கு அது புதிதல்ல.

முதலில், விளையாடுவது நான் அல்ல. என் பேரன். வயது பத்து. இங்கே ஸ்காபரோவில் பதினொரு வயதுக்கு உட்பட்டோர் குழுவில் இரண்டாவது வருடமாக விளையாடுகிறான். மகளும் மருமகனும் வேலைக்கு ஓடுவதால், காலைப் பயிற்சிக்கு அவனுடைய பையைத் தூக்கிக்கொண்டு போகிறவன் நான். ஐஸ் அரங்கின் வாங்கில் இரண்டு கம்பளிச் சட்டைக்குள் ஒடுங்கி இருந்து, ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பியைக் கையில் பிடித்துச் சூடாக்கிக்கொண்டு பார்ப்பேன். அந்தக் கோப்பிக்கடைக்குப் பெயர் தந்த ரிம் ஹோர்ட்டனே ஒரு ஹொக்கி வீரர்தான், ரொறன்ரோ மேப்பிள் லீவ்ஸ் அணியில் விளையாடியவர், 1964இல் ஹமில்ரனில் முதற்கடையைத் தொடங்கினார் என்பதே எனக்குப் பேரன் சொல்லித்தான் தெரியும்.

விளையாட்டைத் தெரியாதவர்களுக்கு ஒரு சிறு விளக்கம். பந்து கிடையாது. பக் என்று ஒரு ரப்பர் வட்டு. மூன்று அங்குல விட்டம், ஒரு அங்குலத் தடிப்பு, நிறை 156 முதல் 170 கிராம் வரை. பவுடர் போட்ட கரம் பலகையில் காய் வழுக்குமே, அப்படி ஐஸில் வழுக்கும். கோல் ஆறடி அகலம், நாலடி உயரம். கோல் காப்பாளர் காலில் பெரிய பட்டைகளைக் கட்டிக்கொண்டு முழங்காலில் விழுந்தால் கீழ்ப்பாதி முழுக்க அடைபட்டுவிடும். ஆகவே கோல் போட வேண்டுமென்றால் பக்கை ஐஸிலிருந்து எழுப்பத் தெரிய வேண்டும்.

என் பேரனால் அதை எழுப்ப முடியவில்லை. போன பருவம் முழுவதும், ஒக்ரோபர் முதல் மார்ச் வரை, அவன் அடித்தவை எல்லாம் தரையோடு தரையாகப் போய்க் காப்பாளரின் பட்டையில் முட்டி நின்றன. அவனை விடச் சிறிய பிள்ளைகள் மேல் மூலைக்கு அடித்தார்கள். "கையை இறுக்கிப் பிடி, பலமாக அடி" என்று நான் வாங்கில் இருந்து சத்தம் போட்டேன். பருவம் முடியும்போது வானில் ஏறியதும் சொன்னான். அவன் தமிழில் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: "அம்மப்பா, எனக்குப் பலம் காணாது. நான் இனி வரேல்லை."

இனி நான் செய்த பிழையைச் சொல்ல வேண்டும்.

அந்த மட்டையை அவனுடைய பிறந்தநாளுக்கு வாங்கிக் கொடுத்தவன் நான். மட்டையின் தண்டில் ஓர் எண் அச்சிட்டிருக்கும். பிளெக்ஸ் என்பார்கள். தண்டை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை இறாத்தல் விசை வேண்டும் என்பதே அந்த எண். கடையில் நின்ற பெடியன் பேரனைத் தராசில் ஏற்றிப் பார்த்தான். 66 இறாத்தல். "நிறையில் பாதி என்பது பொதுக்கணக்கு. முப்பது எண் போதும், கூடினால் முப்பத்தைந்து" என்றான். பக்கத்தில் ஐம்பது எண் போட்ட நல்ல மட்டை ஒன்று மலிவு விலையில் இருந்தது. கொஞ்சம் நீளம். நான் என்ன செய்திருப்பேன் என்று உங்களுக்கே தெரியும். "வளர்ற பிள்ளைதானே. மூன்று வருடம் பாவிக்கலாம்." பள்ளிக்கூடச் சப்பாத்தை இரண்டு அளவு பெரிதாக வாங்கி, முன்னுக்குப் பஞ்சு அடைத்துப் போட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள்.

வீட்டுக்கு வந்து பார்த்தால் மட்டை அவன் நெற்றி வரை வந்தது. வெறுங்காலில் நின்றால் மூக்கு வரை, ஸ்கேற் சப்பாத்தோடு நின்றால் நாடி வரை என்பதுதான் பொது அளவு. ஆகவே வாளை எடுத்து மூன்று அங்குலம் அறுத்தேன். அதுதான் இரண்டாவது பிழை. பௌதிகவியல் படிப்பித்த எனக்கு அந்த இடத்தில் மூளை வேலை செய்யவில்லை. நீளமான கம்பு லேசாக வளையும், அதையே குறுக்கினால் விறைக்கும். அச்சிட்ட எண் அறுக்காத நீளத்துக்கு உரியது.

ஏப்ரலில் ஒருநாள் அவனுடைய கூட்டாளி எங்கள் வானில் தன் மட்டையை மறந்துவிட்டுப் போனான். அன்று பின்னேரம் கராஜுக்குள்ளிருந்து 'டம்' என்று ஒரு சத்தம். ஓடிப்போய்ப் பார்த்தால் சுவரில், என் நெஞ்சளவு உயரத்தில், ஒரு பள்ளம். பேரன் கூட்டாளியின் மட்டையைப் பிடித்தபடி நிற்கிறான். சுவர் உடைந்ததற்கு ஏச்சு விழும் என்ற பயம் ஒரு பக்கம், தன்னால் எழுப்ப முடிந்துவிட்டதே என்ற ஆச்சரியம் மறுபக்கம். மட்டையை வாங்கிப் பார்த்தேன். எண் முப்பது.

அன்றிரவு இரண்டு கதிரைகளுக்கு நடுவே நான் வாங்கிய மட்டையைக் குறுக்கே வைத்து, நடுவில் கயிறு கட்டி அரிசி மூட்டைகளைத் தொங்கவிட்டேன். மகள் "அப்பாவுக்கு என்னமோ ஆகிவிட்டது" என்ற மாதிரிப் பார்த்தாள். இருபது இறாத்தல் மூட்டைக்கு அசைவு தெரியவில்லை. நாற்பதுக்கும் ஓர் அங்குலம் வரவில்லை. இரண்டையும் சேர்த்துக் கட்டிய பிறகுதான் அடிமட்டத்தில் ஓர் அங்குலம் காட்டியது. தொழிற்சாலையில் அளக்கும் நுணுக்கம் இதில் இல்லை. ஆனாலும் விஷயம் விளங்கிவிட்டது. 66 இறாத்தல் பிள்ளையின் கையில் 60 இறாத்தல் கேட்கும் கம்பைக் கொடுத்திருக்கிறேன்.

அது ஏன் அவ்வளவு முக்கியம்? பக்கை அனுப்புவது கையின் பலம் மட்டும் அல்ல. மட்டை ஒரு வில். இந்தக் கோடையில் பயிற்றுநர் (பல்கலைக்கழகம் போகிற ஒரு பிள்ளை, வயது இருபது இருக்கும்) பேரனுக்குச் சொல்லிக் கொடுத்ததைப் பக்கத்தில் நின்று கேட்டேன். மணிக்கட்டு அடி என்று அதைச் சொல்கிறார்கள்.

பக்கைப் பின்காலுக்கு நேரே, மட்டைத் தகட்டின் குதிப்பக்கத்தில் வைத்துக்கொள். முழங்காலை மடி. உடம்பின் பாரம் பின்காலில் இருக்கட்டும். பக்கை முன்னே இழுத்து வரும்போது பாரம் முன்காலுக்கு மாற வேண்டும். அதே நேரத்தில் கீழ்க்கையால் தண்டை ஐஸை நோக்கி அழுத்து, மேற்கையை உன் பக்கம் இழு. அந்த அழுத்தத்தில் தண்டு வளையும். பக் தகட்டின் குதியிலிருந்து முனை நோக்கி உருண்டு வரும். மணிக்கட்டைத் திருப்பி விடும்போது வளைந்த தண்டு நிமிரும். அந்த நிமிர்வுதான் பக்கை எறிகிறது. கடைசியில் தகட்டின் முனை எந்த இடத்தைக் காட்டுகிறதோ அங்கேதான் பக் போகும். தாழ்வாக முடித்தால் தாழ்வாக, உயர்த்தி முடித்தால் உயரமாக. கண் பக்கில் அல்ல, கோலில்.

பத்தாம் வகுப்பில் நான் கரும்பலகையில் வில் கீறிப் படிப்பித்த மீள்தன்மைதான். வளைக்க முடிந்தால்தான் சக்தி சேரும், சேர்ந்தால்தான் திரும்பி வரும். வளைக்க முடியாத வில்லைக் கொடுத்துவிட்டு "பலமாக அடி" என்று வாங்கில் இருந்து கத்தினேன். அந்தப் பிள்ளை தன் கைதான் பிழை என்று ஆறு மாதம் நம்பியிருக்கிறான்.

அவனிடம் கேட்டேன், "மட்டை விறைப்பு என்று உனக்குத் தெரியுமா?" தலையாட்டினான். "பிறகேன் சொல்லேல்லை?"

"நீங்கள் வாங்கித் தந்ததெல்லோ."

மே மாதம் இருவருமாகக் கடைக்குப் போனோம். இந்த முறை நான் வாயைத் திறக்கவில்லை. அவன் ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் ஊன்றி அழுத்திப் பார்த்தான். முந்நூறு டொலருக்கு மேலும் மட்டைகள் இருக்கின்றன, எல்லாம் காபன் இழை, தூக்கினால் கையில் இருப்பதே தெரியாது. அவன் எடுத்தது எழுபது டொலர் மட்டை, எண் முப்பது.

பிள்ளைகளுக்கு வாங்கப் போகிறவர்கள் இன்னும் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். ஒன்று, இடக்கை வலக்கை. பேரன் வலக்கையால் எழுதுகிறவன், ஆனால் இடப்பக்கம் அடிக்கிறான். பலமான கை மேலே பிடித்து மட்டையை ஆள்வது சுகம் என்பார்கள். கனடாவில் இடப்பக்கம் அடிப்பவர்களே அதிகம். எழுதும் கையைப் பார்த்து வாங்காதீர்கள், பிள்ளையின் கையில் ஒரு தும்புத்தடியைக் கொடுத்து எப்படிப் பிடிக்கிறது என்று பாருங்கள். மற்றது, தகட்டின் வளைவு. பழைய காலத்தில் தகடு நேராகத்தான் இருந்தது. 1960களின் தொடக்கத்தில் சிக்காகோ அணியின் ஸ்டான் மிக்கிடாவின் மட்டை பயிற்சியில் வெடித்து வளைந்ததாம். எறிந்துவிடாமல் அதனாலேயே அடித்துப் பார்த்தபோது பக் புதுவிதமாகப் பறந்தது. பிறகு அவரும் பொபி ஹல்லும் வேண்டுமென்றே தகட்டை வளைத்தார்கள். அந்த மிக்கிடா ஸ்லோவாக்கியாவில் பிறந்து, 1948இல் எட்டு வயதுப் பிள்ளையாக இந்த ஒன்ராரியோவுக்கு வந்து சேர்ந்தவர். இப்போது பெரிய லீக்கில் வளைவு முக்கால் அங்குலத்துக்கு மேல் போகக் கூடாது. சிறு பிள்ளைகளுக்குக் குறைந்த வளைவு நல்லது. கூடினால் பக் லேசாக எழும்பும், ஆனால் புறக்கை அடியும் பக்கை வாங்கிக் கொடுப்பதும் கெட்டுப்போகும் என்பது பயிற்றுநரின் எண்ணம்.

கோடை முழுவதும் கராஜில் ஒரு வழுக்குப் பலகை போட்டு நாளைக்கு ஐம்பது அடி அடித்தான். எண்ணியது நான், பக் பொறுக்கியது நான். அந்தப் படம் அப்போது எடுத்தது. சுவருக்குப் பழைய மெத்தை ஒன்றைச் சாத்திவிட்டோம்.

போன ஞாயிறு ஆட்டத்தில் அவன் அடித்த பக் எழும்பி, காப்பாளரின் தோளுக்கு மேலால் போய், கோலின் மேற்கம்பத்தில் 'டிங்' என்று பட்டு வெளியே விழுந்தது. கோல் இல்லை. ஆட்டமும் தோற்றார்கள். வானில் வரும்போது அந்த 'டிங்' சத்தத்தை எத்தனை தரம் வாயால் செய்து காட்டினான் என்று எண்ணவில்லை.

இத்தோடு முடித்திருக்கலாம். ஆனால் இதை எழுதத் தொடங்கியதே வேறொரு காரணத்துக்காக.

சாதாரணதரத்தில் நல்லாகச் செய்த ஒரு மாணவன் இருந்தான். கணக்கில் அவனுக்கு மனமில்லை. வரைவான், கதை சொல்வான், கடைக் கணக்குக் கொப்பியை மட்டும் அச்சடித்த மாதிரி எழுதுவான். வர்த்தகம் படிக்க ஆசைப்பட்டான். தகப்பன் என்னிடம் வந்து யோசனை கேட்டார். "கணிதப் பிரிவில் விடுங்கோ. முதலிலே பாரமாகத்தான் இருக்கும். வளர வளரச் சரி வரும்" என்றேன். என் சொல்லுக்கு அந்த ஊரில் மதிப்பிருந்தது. இரண்டு தரம் சோதனை எடுத்தான். இரண்டு தரமும் சரிவரவில்லை. மறுமொழி வந்த அன்று என் வீட்டு வாசலில் வந்து நின்று, "சேர், நான் காணாது. உங்களுக்கு வெட்கமாய்ப் போச்சு" என்றான். நான் அவனைத் தேற்றி அனுப்பினேன். பிழை என்னுடையது என்று சொல்லவில்லை. அன்றைக்கு எனக்கு அது தெரியவும் இல்லை.

வானுக்குள் பேரன் அதே சொல்லைச் சொன்னபோதுதான் அந்த வாசல் ஞாபகம் வந்தது.

அவன் இந்தப் பக்கத்தை வாசிக்கிறவன். நான் எது போட்டாலும் ஒரு விருப்பக்குறி இட்டுவிட்டுப் போவான், ஒன்றும் எழுத மாட்டான். இன்று நல்ல நிலையில் இருக்கிறான், சொந்த முயற்சியால். பெயர் எழுத மாட்டேன், அவனுக்குத் தெரியும்.

தம்பி, நீ காணாதவன் இல்லை. உன் கைக்கு ஆகாததை உன் கையில் தந்தவன் நான். நீ ஏன் சொல்லவில்லை என்று கேட்க எனக்கு வாயில்லை, நான் தந்தது என்பதால்தான் நீ சொல்லாமல் இருந்திருப்பாய். முப்பது வருடம் பிந்தியாவது சொல்லிவிட்டேன். முடிந்தால் ஒருநாள் தொலைபேசியில் எடு. ஒன்றும் பேச வேண்டாம், குரலைக் கேட்டால் போதும்.

மற்றவர்களுக்கு: நாளைக் காலை ஆறரைக்குப் பயிற்சி. வெளியே பனி கொட்டுகிறது. பையைக் கதவடியில் வைத்துவிட்டுப் படுக்கப் போகிறேன்.

அன்புடன்,
உங்கள் சேர்