கரகரப்பிரியாவுக்கு ஒரு எண் குறைகிறது

மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து உட்கார்ந்து சங்கீதப் புதிர் போட்டுக்கொள்கிறோம். ஒரு மாதம் கடலூரில், திருப்பாதிரிப்புலியூரில் என் வீட்டு மாடியில். மறு மாதம் சிதம்பரத்தில், கீழவீதிக்குப் பின்னால் ஒரு நண்பர் வீட்டுத் திண்ணையில். ஐந்து பேரில் ஒருவருக்கும் பாடத் தெரியாது. ஒருவர் தபால் இலாகா, ஒருவர் எல்.ஐ.சி., ஒருவர் பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்தவர், ஒருவர் கணக்கு வாத்தியார், நான் மஞ்சக்குப்பத்தில் கருவூல குமாஸ்தாவாக இருந்தவன். எல்லோருக்கும் பென்ஷன், எல்லோருக்கும் சர்க்கரை. சிதம்பரம் முறை வந்தால் மட்டும் சர்க்கரையை மறந்துவிட்டு சம்பா சாதமும் கத்தரிக்காய் கொத்சுவும் சாப்பிடுவோம்.

விதிகள் சில உண்டு. பதில் தேடக் கைபேசியைத் தொடக்கூடாது. கேள்வி யோசித்தால் பிடிபட வேண்டும். இன்னார் பிறந்த ஆண்டு எது, இன்ன விருது யாருக்கு என்ற கேள்விகளுக்குத் தடை. அதெல்லாம் குரூப் ஃபோர் பரீட்சைக்கு. நல்ல புதிர் என்றால் விடை தெரிந்த பிறகு "அட, இது நமக்கே தெரியுமே" என்று தோன்ற வேண்டும் என்பது வாத்தியாரின் கட்சி.

உதாரணத்துக்கு ஒன்று. நந்தனாராக சினிமாவில் நடித்தவர்களில் ஒருவர் பெண், இன்னொருவர் சிதம்பரத்தில் பாட்டு சொல்லிக்கொடுத்தவர், யார் யார்? பெண் கே.பி. சுந்தராம்பாள், 1935-ல் வந்த படம். மற்றவர் எம்.எம். தண்டபாணி தேசிகர், 1942-ல் வந்த ஜெமினியின் 'நந்தனார்'. பின்னாளில் அவர் அண்ணாமலைப் பல்கலைக்கழக இசைத்துறையில் இருந்தார். சிதம்பரத்துக்குப் போக முடியாமல் தவித்தவனாக நடித்தவர் சிதம்பரத்துக்கே வேலைக்கு வந்து சேர்ந்தார் என்று பல்கலைக்கழகக்காரர் விளக்கம் சொன்னபோது கேள்வியைவிட விளக்கத்துக்குத்தான் கைதட்டல்.

எங்கள் ஜில்லாவுக்கு இந்த விளையாட்டில் குறையே இல்லை. தேவாரத்துக்குப் பண் வகுத்துத் தந்தது யார், எந்த ஊர்? சுவடிகள் தில்லையில் செல்லரித்துக் கிடந்ததும், ராஜராஜனும் நம்பியாண்டார் நம்பியும் மீட்டதும் எல்லோருக்கும் தெரியும். மீட்டதைப் பாடுவது எப்படி என்று யாருக்கும் தெரியவில்லை. அப்போது திருநீலகண்ட யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்தான் பண்களை வகுத்துக் கொடுத்தாள் என்று திருமுறை கண்ட புராணம் சொல்கிறது. அவள் ஊர் எருக்கத்தம்புலியூர், இன்றைய ராஜேந்திரப்பட்டினம், விருத்தாசலம் பக்கம். அந்தப் பெண்ணுக்கு ஒரு சிலைகூட எங்கள் ஜில்லாவில் நான் பார்த்ததில்லை. இது என் சொந்தக் குறை, புதிரில் சேராது.

திருப்பாதிரிப்புலியூர்க்காரனான என் பங்குக்கு அப்பர். கல்லோடு கட்டிக் கடலில் போட்டபோது அவர் பாடியதாகச் சொல்லும் பதிகம் என்ன பண், இன்றைக்கு என்ன ராகம்? காந்தாரபஞ்சமம், கேதாரகௌளை. உடனே தபால்காரர் மடக்கினார்: "கேதாரகௌளை உங்க ஊர்னா, வெறும் கேதாரம் எங்க ஊர். எப்படி?" முத்துசுவாமி தீட்சிதரின் பஞ்சபூத க்ருதிகளில் ஆகாயத் தலமான சிதம்பரத்துக்கு உரியது 'ஆனந்த நடன ப்ரகாசம்'. அதன் ராகம் கேதாரம். கேதார க்ஷேத்திரத்தைச் சொல்கிற சாக்கில் ராகத்தின் பெயரையும் தீட்சிதர் உள்ளே ஒளித்து வைத்திருக்கிறார். அவரே ஒரு புதிர்க்காரர்தான் என்பது எங்கள் முடிவு.

என்னை அவர்கள் 'முசே' என்று கூப்பிடுவார்கள். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். 1954 நவம்பரில் கொடி இறங்கிய பின்னும் எங்கள் வகுப்பில் டிக்தே இறங்கவில்லை. வாத்தியார் ஒரு பத்தியை வாசிப்பார், காதில் விழுந்ததைப் பிழையில்லாமல் எழுத வேண்டும். எழுத்தில் இருப்பதில் பாதி உச்சரிப்பில் வராத பாஷை அது. பாட்டு வகுப்பிலும் அதே கதை, வாசிக்கும் சுரத்தை தோ, ரே, மி என்று எழுத வேண்டும். அந்தப் பெயர்களே ஒரு புதிரிலிருந்து வந்தவை என்று எங்கள் குழுவுக்குச் சொன்னபோது நம்பவில்லை. பதினோராம் நூற்றாண்டில் இத்தாலியில் கீதோ என்ற துறவி ஒரு லத்தீன் துதிப்பாட்டை எடுத்துக்கொண்டார். அதில் ஒவ்வொரு அடியும் முந்தையதைவிட ஒரு சுரம் மேலே தொடங்கும். அடிகளின் முதல் அசைகளை எடுத்து சுரங்களுக்குப் பெயராக வைத்துவிட்டார். 'தோ' பிறகு வந்தது, முதலில் அது 'உத்'.

இன்னொரு பிரெஞ்சுக் கேள்வியும் என் கைவசம் உண்டு. பாட்டு வகுப்புக் குழந்தைகள் பாடும் தீட்சிதரின் நோட்டுஸ்வரம் 'சக்தி ஸஹித கணபதிம்'. அதன் மெட்டு எங்கிருந்து வந்தது? 'வூலே வூ தான்சே', அதாவது ஆட வருகிறாயா என்று ஒரு பெண்ணைக் கேட்கும் பிரெஞ்சுப் பாட்டு. பிள்ளையார் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரும் ஆடுகிறவர்தான். நந்தனார் சரித்திரக் கீர்த்தனை அச்சேறியதிலும் ஒரு பிரெஞ்சுக்காரர் இருக்கிறார். 1860களின் தொடக்கத்தில் காரைக்காலில் அதிகாரியாக இருந்த சீசே. கோபாலகிருஷ்ண பாரதியாரின் அந்த நூல் அவர் ஆதரவில்தான் வெளிவந்தது.

எங்கள் குழுவில் ஒரு வருஷம் ஓடிய பெரிய சண்டை கடபயாதி பற்றியது. தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: 72 மேளகர்த்தா ராகங்களின் பெயருக்குள்ளேயே அதன் எண் இருக்கிறது. சம்ஸ்கிருத எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஒரு எண். பெயரின் முதல் இரண்டு எழுத்தை எண்ணாக்கித் திருப்பிப் போட வேண்டும். மாயாமாளவகௌளையில் 'மா' 5, 'யா' 1, திருப்பினால் 15. தீரசங்கராபரணத்தில் 'தீ' 9, 'ர' 2, ஆக 29. மேசகல்யாணி 65. அழகாக வரும்.

வாத்தியார் கேட்டார்: "நாம தமிழ்ல எழுதினா வருமா?" கரகரப்பிரியாவை எடுத்தோம். அது 22-வது மேளம். சம்ஸ்கிருதத்தில் அதன் முதல் எழுத்து இரண்டாவது க, எண் 2. தமிழில் ஒரே ஒரு க, எண் 1. க-ர என்று போட்டுத் திருப்பினால் 21. அது கீரவாணியின் வீடு! ஒரு எண் குறைந்ததில் ராகமே மாறிப்போனது. அரிகாம்போதி இன்னும் மோசம். ஹ என்றால் 8, எண் 28 சரியாக வரும். தமிழ் வழக்கப்படி அ என்று எழுதினால், தனி உயிருக்கு மதிப்பு பூஜ்யம், கணக்கு 20-ல் போய் நிற்கும். 20 நடபைரவி. அனுமத்தோடிக்குக் கிடைப்பது 00. அப்படி ஒரு மேளமே கிடையாது.

"தமிழ்தான் ஹ-வை விழுங்குதுன்னு நினைக்காதீங்க," என்றேன். பிரெஞ்சிலும் அது வாய்க்குள் வராது. பெரியாஸ்பத்திரியை நாங்கள் 'ஒப்பித்தால்' என்றுதான் சொல்வோம். எங்கள் பள்ளிப் பையன் எவனிடம் கொடுத்தாலும் தோடி பூஜ்யம்தான். இதற்கெல்லாம் பதில் சொல்வது போல வாத்தியார் அடுத்த மாதம் சக்கரவாகத்தோடு வந்தார். 16-வது மேளம். கூட்டெழுத்தில் கடைசி மெய்யை எடு என்பது விதி. அப்படி எடுத்தால் ச 6, ர 2, திருப்பி 26. அது சாருகேசி, தப்பு. தமிழில் எழுதுகிறபடி ச-க்-க-ர என்று பிரித்தால் ச 6, க 1, திருப்பினால் சரியாக 16! சம்ஸ்கிருதக்காரர்கள் விதிவிலக்கு என்று சொல்லிச் சமாளிக்கும் இடத்தில் தமிழ் எழுத்து நேராகப் போய் நிற்கிறது. அன்றைக்குக் காபி வாத்தியார் செலவு. ஜெயித்தவர் வாங்கித்தருவதுதான் எங்கள் வழக்கம், தோற்றவனுக்கு ஆறுதலாக.

இந்த வாத்தியாரைப் பற்றித்தான் எழுத நினைத்தேன், கடபயாதி இழுத்துக்கொண்டு போய்விட்டது.

எங்களில் உண்மையான காது அவருடையதுதான். சனிக்கிழமை இரவு வானொலியில் தேசிய நிகழ்ச்சி கேட்டு வளர்ந்த தலைமுறை நாங்கள். ஆலாபனையில் முதல் பிடி விழுந்ததும் ராகம் சொல்லிவிடுவார். நாங்கள் அடுத்த பிடிக்குக் காத்திருப்போம். ஐந்தாறு வருஷமாக அந்தக் காது போய்க்கொண்டே இருந்தது, இப்போது அநேகமாக இல்லை. மெஷின் வைத்தார்கள். மெஷின் பேச்சுக்காகச் செய்தது. நீண்டு ஒலிக்கும் சுரத்தை அது தன்னுடைய சீழ்க்கைச் சத்தம் என்று நினைத்து அடக்கப் பார்க்கும். தம்புரா, புல்லாங்குழல் எல்லாம் நடுங்கிக் கோணலாகக் கேட்கும். "பேசினா கொஞ்சம் புரியுது, பாடினா தகர டப்பா" என்று ஒரு நாள் கழற்றிப் பையில் போட்டார். பாட்டு கேட்பதையும் அன்றோடு விட்டார்.

எங்கள் கூட்டத்தில் முன்பு டேப்பில் ஒரு நிமிஷ ஆலாபனை போட்டு ராகம் கேட்கும் சுற்று இருந்தது. அதை யாரும் யாரிடமும் சொல்லாமல் நிறுத்தினோம். புதிர்களெல்லாம் எழுத்துக்கும் எண்ணுக்கும் மாறியது அதனால்தான். கடபயாதியில் ஒரு வருஷம் உருண்டதற்கும் அதுதான் காரணம். சிலேட்டில் எழுதிக் காட்டுவோம், அவர் வாயால் பதில் சொல்வார்.

பாட்டு கற்ற ஒருவர் ஒருமுறை எங்களைப் பார்க்க வந்தார். சற்று நேரம் கேட்டுவிட்டு, "இதுல சங்கீதம் எங்க இருக்கு? ஜெனரல் நாலெட்ஜ்தானே" என்றார். நியாயம்தான். ஆனால் சங்கீதத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவனுக்கு ஜன்னல் கம்பியும் ஒரு பிடிமானம். அவர் போன பிறகு வாத்தியார் நந்தனார் கீர்த்தனையைப் பற்றி ஒன்று சொன்னார். பாரதியார் அதற்குச் சிறப்புப் பாயிரம் கேட்டபோது மகாவித்வான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை, இலக்கணப் பிழை இருக்கிறது என்று கொடுக்காமல் இருந்தார். ஒரு நாள் பாரதியார் திண்ணையில் உட்கார்ந்து பாடினார். கேட்டு உருகிப்போய்ப் பிள்ளை எழுதிக்கொடுத்தார். உ.வே.சா. எழுதியிருக்கிற கதை. "அவர் படிச்சப்போ பிழை தெரிஞ்சுது, கேட்டப்போ பாட்டு தெரிஞ்சுது. எனக்கு இனிமே படிக்கிறது மட்டும்தான்," என்றார் வாத்தியார். ஒருவரும் பேசவில்லை.

ஆனால் டேப் சுற்று நின்றது அவருக்குத் தெரிந்தே இருக்கிறது. போன ஆண்டு ஒரு ஞாயிறு அவரே தன் பேத்தியின் டேப்லெட்டைக் கொண்டுவந்தார். அதில் யாரோ வீணை வாசிக்கிறார்கள், சத்தம் அணைத்திருக்கிறது. "மெட்டைப் பாருங்க, ராகம் சொல்லுங்க." வீணையில் ஒரு ஸ்தாயிக்கு 12 மெட்டு. விரல் எதில் நிற்கிறது, எதைத் தாண்டுகிறது என்று எண்ணிக்கொண்டே போக வேண்டும். தந்தியை இழுத்தால் ஒரு மெட்டிலிருந்து அடுத்த சுரம் பேசும், ஆகவே இழுப்பையும் கண்ணால் அளக்க வேண்டும். காது நன்றாக இருக்கிற நாங்கள் நால்வரும் திணறினோம். அவர் மூன்று ராகம் வரிசையாகச் சொன்னார். சத்தம் போட்டுச் சரிபார்த்தோம், மூன்றும் சரி. இப்போது ஒவ்வொரு கூட்டத்திலும் 'ஊமை வீணை' உண்டு, தினமும் அவர்தான் ஜெயிக்கிறார். காபிச் செலவு அவருக்கு ஏறிக்கொண்டே போகிறது.

சென்ற மாதம் சிதம்பரத்தில் அப்படி ஒன்றுக்கு "கரகரப்பிரியா, 22" என்று சொல்லிவிட்டு டேப்லெட்டை எங்கள் பக்கம் தள்ளினார். "ராகம் எனக்குத் தெரிஞ்சுபோச்சு. இப்ப சத்தம் வைங்க. எப்படி வாசிக்கிறாங்கன்னு நீங்க சொல்லுங்க."

இதற்கு எங்களிடம் விடை தயாராக இல்லை. பிறந்த ஊர், மேள எண், முத்திரை எல்லாம் கேளுங்கள், சொல்வோம். வாசிப்பு எப்படி என்று ஒருவருக்கு எழுதிக் காட்டுவது எங்களில் யாரும் செய்திராத வேலை. தபால்காரர் சிலேட்டில் 'நன்று' என்று எழுதினார். வாத்தியார் அதைத் துடைத்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். எல்.ஐ.சி.காரர் 'நிதானம், ஆனால் மேலே போகும்போது அவசரம்' என்று எழுதினார். அதற்குத் தலையாட்டினார். என் முறை வந்ததும் இரண்டு தடவை கேட்டுவிட்டு, டிக்தே எழுதுகிற பையனைப் போல எழுதினேன்: 'காந்தாரத்தில் நிற்கவே மாட்டேன் என்கிறார். தொட்டுவிட்டு ரிஷபத்துக்கு வந்துவிடுகிறார்.'

கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். "காந்தாரத்துல நிக்காம என்னய்யா கரகரப்பிரியா? கண்ணுக்கே தெரியுது, அங்க அசைச்சு அசைச்சு நிக்கிறாங்க. முசே, நல்லா கேட்டு எழுதும்."

மறுபடி முதலிலிருந்து போட்டோம்.