ஆறாத சூடு

டெக்சாஸில் பங்குப்பணி ஆற்றிய நாள்களில், பிக்கப் வண்டியின் பின்னே இழுவண்டி பூட்டி, வறியோர்க்கு உணவுப் பொருள்களை ஏற்றிச் செல்வோம். ஒரு கோடையில், ஏற்றத்தில் வண்டி தயங்கியது. எஞ்சினின் வெப்பமானியோ குறையொன்றும் கூறவில்லை. தானியங்கிக் கியர்பெட்டியின் அளவுகோலை உருவிப் பார்த்தோம். சிவந்திருக்க வேண்டிய எண்ணெய் பழுப்பேறிக் கருகி நாறியது.

எண்ணெயை மாற்றி, ரேடியேட்டரின் முன்னே சிறியதொரு குளிர்விப்பானைப் பொருத்தினோம். ரேடியேட்டரில் ஓரளவு ஆறிய எண்ணெய், இதனுள் காற்றால் மேலும் ஆறிய பின்னரே கியர்பெட்டிக்குத் திரும்பும். குழாய்களை இறுக்கி, கசிவின்மை கண்டு, குறைந்த எண்ணெயை நிரப்பினோம்.

வண்டியைக் கெடுத்தது சுமையன்று. ஆற இடமில்லாத சூடு. அன்பர்களே, ஓய்வைச் சோம்பலென இகழ்ந்து நாம் உழைத்த ஆண்டுகள் நினைவுக்கு வந்தன. அப்போது நம் முகமும் குறையொன்றும் காட்டவில்லை; உதவி கேட்டு வந்த மூதாட்டியிடம் சொன்ன கடுஞ்சொல்லில்தான் கருகல் வெளிப்பட்டது.