டைமிங் மாத்திரை: கவுன்ட்டருக்குப் பின்னாலிருந்து சில குறிப்புகள்

மருந்துச் சீட்டுகளைச் சரிபார்க்கும் வேலைக்கு நடுவே அவ்வப்போது கிறுக்கி வைத்தவை. வரிசை கிடையாது.

*

மருந்தின் பெயர் சொல்லிக் கேட்பவர் அபூர்வம். "டைமிங் மாத்திரை" என்பார்கள், அல்லது போனைத் திருப்பிப் படத்தைக் காட்டுவார்கள். கடையில் பெண்கள் நின்றால் முதலில் இருமல் மிட்டாய் ஒன்று வாங்கிக்கொண்டு ஓரமாகக் காத்திருப்பார்கள். "ஃப்ரெண்டுக்குத்தான்" என்று கேட்காமலே சொல்பவர்களும் உண்டு. சீட்டு எங்கே என்றால் பலர் நகர்ந்துவிடுவார்கள். பிரஷர் மாத்திரை வாங்குபவரிடம் இந்தக் கூச்சம் இல்லை. விலையிலிருந்து பக்க விளைவு வரை சத்தமாக விசாரிப்பார். டைமிங் மாத்திரை கேட்பவர் எதையும் விசாரிப்பதில்லை, அவரிடமும் யாரும் எதையும் விசாரிப்பதில்லை. அந்த மருந்தில் இருக்கும் ஆபத்தில் பெரும்பங்கு இங்கிருந்துதான் வருகிறது.

*

உறவு எவ்வளவு நேரம் நீடித்தால் "சரி"? இந்தக் கேள்விக்கு ஸ்டாப்வாட்ச் வைத்தே விடை தேடியிருக்கிறார்கள். டச்சு மருத்துவர் வால்டிங்கரும் சகாக்களும் 2005இல் வெளியிட்ட ஆய்வு அது. நெதர்லாந்து, பிரிட்டன், ஸ்பெயின், துருக்கி, அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளில் சுமார் 500 ஜோடிகள். எல்லாரையும் வரிசையில் நிறுத்தினால் நடுவில் நிற்பவரின் நேரம் 5.4 நிமிடம். மிகக் குறைவு அரை நிமிடம், மிக அதிகம் 44 நிமிடம். செல்போன் படங்களைப் பார்த்து அரை மணி நேரம்தான் ஆண்மை என்று நினைத்துக்கொண்டு வரும் பையன்களுக்கு இந்த 5.4ஐச் சொன்னால் போதும், சிலருக்கு மாத்திரையே வேண்டியிருக்காது.

*

விந்து முந்துதல் என்று மருத்துவர்கள் எழுதுவதற்கு மூன்று விஷயங்கள் சேர வேண்டும். முதல் உறவிலிருந்தே ஏறக்குறைய ஒரு நிமிடத்துக்குள் முடிந்துவிடுவது. அல்லது முன்பு நன்றாக இருந்து, பிறகு மூன்று நிமிடமோ அதற்குக் குறைவாகவோ சுருங்கிவிடுவது. தள்ளிப்போட முயன்றும் முடியாமல் போவது. அதனால் மன உளைச்சல், எரிச்சல், உறவையே தவிர்ப்பது.

கல்யாணமான புதிதில் பதற்றத்தில் நடப்பது இதில் சேராது. வளைகுடாவிலிருந்து இரண்டு வருஷம் கழித்து லீவில் வந்தவருக்கு முதல் சில நாள் நடப்பதும் சேராது. நீண்ட இடைவெளிக்குப் பிறகு சீக்கிரம் முடிவது உடம்பின் இயல்பு. பொறுத்தால் சரியாகிவிடும்.

*

நன்றாக இருந்தவருக்குப் புதிதாக வந்தால் அதற்கு ஒரு காரணம் இருக்கக்கூடும். தைராய்டு அதிகமாகச் சுரப்பது, புராஸ்டேட் சுரப்பியில் அழற்சி, விறைப்பு நிற்காதோ என்ற பயத்தில் அவசரப்படுவது. தைராய்டைச் சரிசெய்தால் இதுவும் தானாகச் சரியாவதுண்டு. கடையில் மாத்திரை வாங்கிச் சமாளிப்பவரின் தைராய்டு யார் கண்ணிலும் படாமல் வளர்ந்துகொண்டிருக்கும்.

*

மருந்து எப்படி வந்தது? மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகளை உண்டவர்கள், உச்சம் தாமதமாகிறது என்று புகார் செய்தார்கள். மூளையில் செரோடோனின் கூடினால் விந்து வெளியேறுவது தள்ளிப்போகிறது. அந்தப் புகாரையே வைத்தியமாக்கினார்கள். ஆனால் பழைய மாத்திரைகள் உடம்பில் நாள் கணக்கில் தங்குபவை. சீக்கிரம் ஏறிச் சீக்கிரம் இறங்கும் ஒன்றாக வந்தது டாபாக்ஸிடின். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2005இல் அதை ஏற்க மறுத்தது. 2009இல் ஸ்வீடனும் ஃபின்லாந்தும் அனுமதித்தன, பிறகு பல நாடுகள். இங்கே 30, 60 மி.கி. அளவுகளில் கிடைக்கிறது. அட்டவணை எச் மருந்து. அதாவது டாக்டர் சீட்டு இல்லாமல் நான் கொடுக்கக்கூடாது.

*

சீட்டோடு வருபவரிடம் நான் சொல்வது:

முதலில் 30 மி.கி.தான். 60க்குப் போவதை டாக்டர் முடிவு செய்வார். உறவுக்கு ஒன்றிலிருந்து மூன்று மணி நேரம் முன்பு. ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரோடு, கடிக்காமல் முழுசாக. 24 மணி நேரத்தில் ஒன்றுக்கு மேல் கிடையாது. தினமும் போடும் மாத்திரை அல்ல. 18 வயதுக்குக் கீழும் 65க்கு மேலும் வேண்டாம். அன்றைக்கு மது கிடையாது. மாத்திரை போட்டுவிட்டு பைக் ஓட்ட வேண்டாம்.

குமட்டல், தலைவலி, தலைசுற்றல், வயிற்றுப்போக்கு, தூக்கம் வராமை ஆகியவை வரலாம். அளவு கூடக் கூட இவையும் கூடும்.

*

"ஒண்ணு போட்டும் சரியா வரல, ரெண்டா போட்டா என்னண்ணே?"

மயங்கி விழலாம். மிகைப்படுத்தவில்லை. இந்த மருந்தின் கவனிக்க வேண்டிய பக்க விளைவே மயக்கம்தான். படுத்திருந்து எழும்போது ரத்த அழுத்தம் சட்டென்று இறங்கலாம். அதனால்தான் முறையான டாக்டர் எழுதுவதற்கு முன் படுக்கவைத்து ஒருமுறை, நிற்கவைத்து ஒருமுறை பிரஷர் பார்க்கிறார். தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்வதும் அதற்காகத்தான். கண் இருட்டினாலோ குப்பென்று வியர்த்தாலோ உடனே படுத்துவிட வேண்டும், இல்லையென்றால் தலையை முழங்காலுக்கு நடுவே தாழ்த்தி உட்கார வேண்டும். கெத்துக்காக எழுந்து நின்றால் தலையில் அடிபடும். மது இந்த மயக்கத்தை இன்னும் கூட்டும்.

முன்பே மயங்கி விழுந்த பழக்கம் உள்ளவர், இதயம் பலவீனமானவர், இதயத் துடிப்பின் தாளம் தவறியவர், இதய ரத்தக்குழாயில் அடைப்பு உள்ளவர், கல்லீரல் கெட்டவர், மனஎழுச்சி நோயோ கடும் மனச்சோர்வோ உள்ளவர்: இவர்களுக்கு இந்த மாத்திரை கிடையாது.

*

நான் பயப்படுவது தனி மாத்திரைக்கு அல்ல, கூட்டணிக்கு.

படர்தாமரைக்கு இட்ராகோனசோல் வாங்காத தெரு இன்றைக்கு இல்லை. மாதக்கணக்கில் சாப்பிடுகிறார்கள். அது கல்லீரலில் டாபாக்ஸிடினை உடைக்கும் நொதியை முடக்கிவிடும். போட்டது 30 என்றாலும் உடம்பில் ஏறுவது அதைவிட மிக அதிகம். இரண்டும் சேரவே கூடாது. கீட்டோகோனசோல் மாத்திரையும் ரிட்டோனவிரும் அப்படியே. எரித்ரோமைசின், கிளாரித்ரோமைசின், ஃப்ளூகோனசோல், பிரஷருக்கான வெரபமில், டில்டியசம் ஆகியவற்றோடு என்றால் டாக்டரின் கண்காணிப்பில் 30க்கு மேல் போகக்கூடாது. கிரேப்ஃப்ரூட் சாறும் இந்த வேலையைச் செய்யும். அது நம் பப்ளிமாஸின் வம்சம். இரண்டையுமே அன்றைக்குத் தள்ளி வைத்துவிடலாம்.

இன்னொரு கூட்டணி செரோடோனின் பக்கம். மனச்சோர்வு மாத்திரை, ஒற்றைத் தலைவலிக்கான சுமாட்ரிப்டான், முதுகுவலிக்கான டிரமடால், லித்தியம், மருந்துக்குப் பணியாத காசநோய்க்குக் கொடுக்கும் லினிசோலிட். இவற்றோடு சேர்ந்தால் செரோடோனின் எல்லை மீறலாம். காய்ச்சல், நடுக்கம், படபடப்பு, குழப்பம், தசை விறைப்பு வரும். அது அவசர சிகிச்சைப் பிரிவுக்கு ஓட வேண்டிய நிலை. சிலவற்றை நிறுத்திய பிறகும் 14 நாள் இடைவெளி தேவை.

தோல் டாக்டரிடம் டைமிங் மாத்திரையைப் பற்றிச் சொல்ல மாட்டார்கள். டைமிங் மாத்திரை வாங்கும் இடத்தில் படர்தாமரையைப் பற்றி யாரும் கேட்க மாட்டார்கள். இரண்டு மாத்திரையும் சந்திப்பது வயிற்றில்தான்.

*

எவ்வளவு பலன்? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த கணக்கு ஒன்று உண்டு. தொடக்கத்தில் சராசரி 0.9 நிமிடம். பன்னிரண்டு வாரம் கழித்து 30 மி.கி. எடுத்தவர்களுக்கு 3.1, 60 எடுத்தவர்களுக்கு 3.6. மருந்தே இல்லாத வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு 1.9.

இதில் இரண்டு பாடம். ஒன்று, ஒரு நிமிடம் மூன்று நிமிடமாவது அந்தத் தம்பதிக்குப் பெரிய மாற்றம்தான், ஆனால் யாருக்கும் அரை மணி நேரம் ஆகாது. இரண்டு, நமக்கு வைத்தியம் நடக்கிறது என்ற நம்பிக்கையே நேரத்தை இரண்டு மடங்காக்கியிருக்கிறது. அது மனசு செய்த வேலை.

*

சிலருக்கு டாக்டர் பராக்ஸிடினோ செர்ட்ராலினோ தினமும் எழுதுவார். பெட்டியில் மனச்சோர்வு என்று போட்டிருப்பதைப் பார்த்து, "எனக்கென்ன பைத்தியமா?" என்று திருப்பிக் கொண்டுவந்தவர்கள் உண்டு. மேலே சொன்ன அதே செரோடோனின் கதைதான். பலன் தெரிய ஒன்றிரண்டு வாரம் ஆகும், முழுசாகத் தெரிய இன்னும் கொஞ்சம். நேரம் டாபாக்ஸிடினைவிட அதிகமாகவே கூடும். ஆனால் இதைச் சட்டென்று நிறுத்தக்கூடாது. தலைசுற்றல், எரிச்சல், உடம்பில் ஷாக் அடிப்பது போன்ற உணர்வு வரும். படிப்படியாகத்தான் இறக்க வேண்டும். குழந்தைக்கு முயல்பவர்கள் முன்கூட்டியே டாக்டரிடம் சொல்ல வேண்டும், விந்தணுவின் தரம் பாதிக்கப்படலாம். 25 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு ஆரம்ப வாரங்களில் மனநிலை மாற்றத்தை வீட்டார் கவனிக்க வேண்டும். தற்கொலை எண்ணம் தலைகாட்டினால் அன்றைக்கே டாக்டர்.

*

க்ரீம், ஸ்ப்ரே. லிடோகைன், ப்ரிலோகைன் என்னும் மரத்துப்போகச் செய்யும் மருந்துகள். ரத்தத்தில் அதிகம் கலக்காது என்பதால் மாத்திரை ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு நல்ல வழி. க்ரீம் என்றால் இருபது, முப்பது நிமிடம் முன்பே கொஞ்சமாகத் தடவி, உறவுக்கு முன் கழுவிவிட வேண்டும், அல்லது ஆணுறை போட்டுக்கொள்ள வேண்டும். கழுவாவிட்டால் மனைவிக்கும் மரத்துப்போகும். எண்ணெய்ப் பசையுள்ளவை ரப்பர் ஆணுறையைக் கெடுக்கும், பெட்டிக்குள் இருக்கும் குறிப்புத்தாளைப் படிக்கவும். அதிகம் தடவினால் விறைப்பே போய்விடும். ஜி6பிடி நொதிக் குறைபாடு உள்ளவர்கள் ப்ரிலோகைனைத் தொடக்கூடாது.

*

சில்டெனாஃபிலும் டாபாக்ஸிடினும் ஒரே மாத்திரையாக வருகின்றன. பலர் கேட்பது இதைத்தான், "ரெண்டும் இருக்கிறது நல்லதுதானே" என்று. சில்டெனாஃபில் விறைப்புக் குறைவுக்கு. அந்தக் குறை இல்லாதவருக்கு அதில் வேலையில்லை. இரண்டுமே ரத்த அழுத்தத்தை இறக்குபவை. நெஞ்சுவலிக்கு நாக்கடியில் சார்பிட்ரேட் வைப்பவர் சில்டெனாஃபில் போட்டால் உயிருக்கே ஆபத்து.

*

டிரமடாலை இதற்காகத் தேடுபவர்கள் இருக்கிறார்கள். அது நேரத்தைத் தள்ளிப்போடும் என்பது உண்மை, அது அபினி வகையைச் சேர்ந்தது என்பதும் உண்மை. அடிமையாக்கும். 2018இல் இந்திய அரசு அதைப் போதைப்பொருள் சட்டத்தின் கீழ் கொண்டுவந்தது. நிறுத்தும்போது விந்து முந்துவது முன்பைவிட மோசமாகலாம், திரும்பவும் அதையே தேட வைக்கும்.

*

பஸ் ஸ்டாண்டு கழிப்பறைச் சுவரில் ஒட்டியிருப்பது, மாதம் ஒருமுறை லாட்ஜில் ரூம் போட்டுப் பார்ப்பது, நள்ளிரவு டிவியில் நாடி பிடிப்பது. பாலியல் ஆற்றலைக் கூட்டும் என்று மருந்துக்கு விளம்பரம் செய்வதை 1954ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்கிறது. சுவர் அதைப் படித்ததாகத் தெரியவில்லை.

"மூலிகைதானே, சைடு எஃபெக்ட் இல்லை" என்பார்கள். இயற்கை என்று விற்ற பொருள்களுக்குள் சொல்லாமல் கலந்த சில்டெனாஃபிலும் டாபாக்ஸிடினும் இருப்பதை அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து எச்சரித்திருக்கிறது. லேகியம் உடனே வேலை செய்தால் சந்தோஷப்படாதீர்கள், சந்தேகப்படுங்கள். அளவும் தெரியாது, கூட்டணியும் தெரியாது.

*

மருந்து இல்லாத வழி மருந்தைவிடப் பழையது. உச்சம் நெருங்கும்போது நிறுத்தி, உணர்ச்சி தணிந்ததும் மறுபடி தொடங்கும் பயிற்சியை ஜேம்ஸ் செமன்ஸ் 1956இல் எழுதினார். மாஸ்டர்ஸும் ஜான்சனும் 1970இல் அழுத்திப் பிடிக்கும் முறையைச் சொன்னார்கள். பொறுமை வேண்டும், மனைவியின் ஒத்துழைப்பு வேண்டும். பயிற்சியும் மருந்தும் சேர்ந்தால் தனி மருந்தைவிட நல்ல பலன் என்பதே பொதுவான அனுபவம். மனைவிக்குத் தெரியாமல் மாத்திரை போடுபவருக்கு இந்த வழி அடைபட்டுவிடுகிறது. அவர் மயங்கி விழுந்தால் என்ன சாப்பிட்டார் என்று ஆஸ்பத்திரியில் சொல்லவும் ஆள் இல்லை.

*

மனநல மருத்துவர் மாத்ருபூதம் விஜய் டிவியில் 'புதிரா புனிதமா' நிகழ்ச்சியை நடத்தியபோது இந்தக் கேள்விகளை ஊரறியக் கேட்க முடிந்தது. அவர் சிரித்துக்கொண்டே பதில் சொல்வார். இன்றைக்கு எல்லாருடைய கையிலும் போன் இருக்கிறது, கேள்வி கேட்கப் பயம் அதைவிட அதிகமாக இருக்கிறது.

*

யாரிடம் போவது? சிறுநீரியல் (யூராலஜி) மருத்துவர், மனநல மருத்துவர், இல்லையென்றால் உங்களைப் பல வருஷம் பார்க்கும் குடும்ப டாக்டர். அரசு மருத்துவமனைப் புறநோயாளிப் பிரிவிலும் இவர்கள் உண்டு. மருந்து தொடங்கி நான்கு வாரத்திலோ ஆறு மாத்திரை முடிந்ததுமோ திரும்பப் போய்க் காட்ட வேண்டும். பலனும் தொல்லையும் எடைபோட்டு, தொடர்வதா வேண்டாமா என்று அப்போது முடிவாகும். தொடர்ந்தால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை மறுபடி.

*

வாய் திறக்க முடியவில்லை என்பவர்களுக்கு நான் ஒரு தாளும் பேனாவும் கொடுத்து இதை எழுதச் சொல்கிறேன்:

"எனக்கு உறவில் சீக்கிரம் முடிந்துவிடுகிறது. இத்தனை நிமிடம். இத்தனை மாதமாக. விறைப்பில் குறை உண்டு / இல்லை. இப்போது சாப்பிடும் மாத்திரைகள், தடவும் மருந்து, லேகியம் எல்லாம் இவை. மது உண்டு / இல்லை. முன்பு மயங்கி விழுந்தது உண்டு / இல்லை. குழந்தைக்கு முயல்கிறோம் / இல்லை."

வீட்டில் இருக்கும் மாத்திரை அட்டைகளை ஒரு பையில் போட்டு, இந்தத் தாளோடு டாக்டர் மேஜையில் வைத்துவிட்டால் போதும். மீதியை அவர் கேட்பார்.