தேய்ந்ததும் தேயாததும்

ஒரு கருவி இருவகையில் வாழ்விழக்கும். உழைத்துத் தேய்ந்து போவது ஒருவகை. தான் தேயாதிருக்கவும் தன்னை ஏற்கும் இடம் இல்லாதொழிவது மற்றொருவகை. கணனி விளையாட்டுக்கான ஜோய்ஸ்ரிக்கின் வரலாற்றில் இவ்விரண்டும் நிகழ்ந்துள்ளன. ஆதலின், பழையதை ஒதுக்கிவிட்டுப் புதியதை வாங்க முனையும் ஒருவர், தமது பழைய கோல் எவ்வகையில் வாழ்விழந்தது என்று முதலில் வினவுதல் தகும்.

1977இல் வெளிவந்த அற்றாரி வீட்டு விளையாட்டுப் பொறியின் கோல் மிக எளியது. நான்கு திசைக்கு நான்கு ஆளிகள். சுடுவதற்கு ஒரு பொத்தான். அடுத்தடுத்த இரு ஆளிகள் ஒருங்கே அழுந்தினால் மூலைத் திசை. எத்திசை என்பதை அக்கோல் அறியும். எவ்வளவு என்பதை அறியாது. திரையில் விமானம் ஓட்ட விரும்பியவருக்கு இது போதவில்லை.

1981இல் ஐ.பி.எம். தனது தனியாள் கணனிக்கென வழங்கிய விளையாட்டு அட்டை, 15 முனைச் செருகியின் வழியே இக்குறையை நீக்கியது. கோலின் அடியில் இரு மாறுந்தடைகள் இருந்தன. கணனி அத்தடையை நேரே அளக்கவில்லை. தடையினூடாகக் கொள்ளளவி ஒன்று மின்னேற்றம் பெற எவ்வளவு நேரஞ் செல்கிறதென எண்ணிக்கொண்டிருந்தது. சிக்கனமான உபாயந்தான். ஆனால் வேகமான கணனி அதே நேரத்துள் கூடுதலாக எண்ணிவிடும் அன்றோ! அதனாலேயே பல விளையாட்டுகள், தொடங்குமுன் கோலை மேல் இடது மூலைக்கும் கீழ் வலது மூலைக்கும் கொண்டுசென்று நடுவில் விடுமாறு பணித்தன.

மாறுந்தடையினுள்ளே கரித்தடத்தின்மீது உலோக விரலொன்று உராய்ந்து நகரும். கோல் பெரும்பாலும் நடுவிலே அசைவதால், தடம் நடுவிலேதான் அதிகம் தேயும். அப்போது கை தொடாதபோதும் விமானம் ஒருபுறம் சரியும். கோலின் அடியிலுள்ள சிறு சக்கரத்தைத் திருப்பி ஓரளவு சரிசெய்யலாம். அதன் உதவியும் தீர்ந்தபின், அவ்வேலையைக் கை ஏற்றுக்கொள்கிறது. இடப்புறம் சரியும் விமானத்தை நேர்நிறுத்த, விளையாடுபவர் தம்மையறியாமலே கோலைச் சற்று வலப்புறம் தள்ளிப் பிடிக்கப் பழகிவிடுகிறார். கோலின் பிழை கையின் திறமையாகிவிடுகிறது. பின்னர் குற்றமற்ற புதிய கோலொன்றைக் கொணர்ந்து பொருத்தினால் விமானம் வலப்புறம் சரிகிறது! புதியதுதான் பழுது என்று அவர் கோபங் கொண்டாலும் வியப்பில்லை. பழைய கோல் மேசையை விட்டுப் போய்விட்டது. கையை விட்டு இன்னும் போகவில்லை.

இத்தேய்வுக்கு மருந்து 1879இலேயே பிறந்துவிட்டது. மின்னோட்டஞ் செல்லும் கடத்தியின் குறுக்கே காந்தப்புலம் அமைந்தால் பக்கவாட்டில் ஓர் அழுத்தம் தோன்றும் என எட்வின் ஹோல் அவ்வாண்டிற் கண்டார். இன்றைய நல்ல கோல்கள் பலவற்றில் சிறு காந்தமொன்று அசைய, அதனைத் தொடாமலே உணரி அதன் நிலையை அறிகிறது. உராய்வு இல்லை, கரியும் இல்லை. வில்லுச்சுருள் தளரலாம், பொத்தான் பழுதாகலாம்; அது வேறு விடயம்.

உராயாத கோல் முன்னரும் இருந்தது. 1995இல் மைக்ரோசொவ்ற் வெளியிட்ட சைட்விண்டர் 3டி புரோ, ஒளியைக் கொண்டு நிலையை அறிந்தது. ஆனால் 1996இல் யூ.எஸ்.பி. வந்தது. 2007இல் கடைக்கு வந்த விண்டோஸ் விஸ்ரா, பழைய 15 முனைச் செருகிக்கான ஆதரவைக் கைவிட்டது. கரித்தடக் கோல்களை யூ.எஸ்.பி.யோடு இணைக்க எளிய மாற்றிகள் கிடைத்தன. எண்முறையிற் பேசிய அத்தேயாத கோலின் மொழியோ, சாதாரண மாற்றிகளுக்கு விளங்கவில்லை. தேயக்கூடியதற்கு வழி திறந்தது. தேயாதது வாசலில் நின்றது. இதனை முன்னேற்றம் என்று மட்டும் பெயரிடுவது நேர்மையாகாது.

ஆர்வலர் சிலர், நுண்கட்டுப்படுத்தி ஒன்றை இடையில் வைத்து, அக்கோல் சொல்வதை யூ.எஸ்.பி. மொழிக்குப் பெயர்க்கும் சிறு சுற்றுகளை அமைத்துள்ளனர். கலைப்பீடத்தார்க்கு இது விளங்காத வேலையன்று. இரு மொழிக்கிடையே மொழிபெயர்ப்பாளர் ஒருவர் அமர்ந்திருக்கிறார், அவ்வளவே. அத்தகைய கோலை வைத்திருப்பவர் புதியது வாங்குமுன் அச்சுற்றைத் தேடிப் பார்க்கலாம். கரித்தடம் தேய்ந்த கோலுக்கோ அது உதவாது.