கத்திப் பைத்தியம்

தபால் தலைப் பைத்தியம், பழைய நாணயப் பைத்தியம், சங்கீதப் பைத்தியம் ஆகியவற்றை உலகம் மன்னித்துவிடுகிறது. எனக்கு வாய்த்ததோ கத்திப் பைத்தியம். இதைச் சொன்ன மாத்திரத்தில் கேட்பவர்கள் நாற்காலியைச் சற்றுப் பின்னுக்கு நகர்த்திக்கொள்கிறார்கள். நான் பரம சாது என்பதையும், வாழைக்காய் நறுக்கக்கூட என்னை வீட்டில் நம்புவதில்லை என்பதையும் முதலிலேயே தெரிவித்துவிடுகிறேன்.

என்னிடம் 23 கத்திகள் இருக்கின்றன. முதலில் வந்தது ஸ்விட்ஸர்லாந்தின் சிவப்புப் பேனாக்கத்தி. 1891-இல் தம் நாட்டுச் சிப்பாய்களுக்குக் கத்தி செய்து கொடுத்த கார்ல் எல்ஸனர் என்பவர், 1897-இல் படை அதிகாரிகளுக்கென்று இலேசாக ஒன்று செய்து, அதில் தக்கை திருகியும் சேர்த்தார். நம் வீட்டில் தக்கை திருகிக்கு ஜோலியே கிடையாது; ஆயினும் அதற்கும் தவறாமல் எண்ணெய் போட்டு வருகிறேன். பிறகு பிரான்ஸ் தேசத்து ஸவாய் மலைநாட்டின் ஓப்பினெல், ஸ்வீடனில் மோரா என்னும் ஊரின் சிவப்பு மரப்பிடிக் கத்தி என்று ஒவ்வொன்றாக வந்து சேர்ந்தன.

ஆனால் என் மனம் முழுவதையும் கவர்ந்தது பின்லாந்துக்காரர்களின் ‘பூக்கோ’தான். பார்த்தால் பிரமாதமாக ஒன்றும் இராது. நாலு விரற்கடைக்குச் சற்று அதிகமான அலகு, நேரான முதுகு, பிர்ச் மரத்தில் கடைந்த பிடி. நம் இமயமலையின் பூர்ஜ மரத்துக்கு இந்தப் பிர்ச் ஒன்றுவிட்ட சகோதரம். கைக்காப்பு என்பது பெரும்பாலும் கிடையாது. குத்துவதற்கல்ல, மரம் சீவுவதற்கே பிறந்த கத்தி அது. அலகின் சரிவு அகலமாகவும் தட்டையாகவும் இருப்பதால் சாணைக்கல்லில் வைத்தால் தானே படிந்து உட்காரும். தீட்டுகிறவனுக்குச் சாமர்த்தியம் வேண்டியதில்லை. தோல் உறை, பிடியின் பெரும்பகுதியையும் விழுங்கிக்கொண்டு இறுகப் பற்றும். பித்தான், வார் ஒன்றும் இல்லாமலே இடுப்பில் ஆடிக்கொண்டு கிடக்கும்.

இத்தனை சாதுவான கத்திக்கும் கெட்ட பெயர் ஏற்பட்ட காலம் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் கௌஹவா, ஹார்மா பக்கத்துக் கல்யாண வீடுகளில் கத்திச் சண்டை போட்ட முரடர்களின் பெயர்கள் இன்னும் நாட்டுப் பாடல்களில் வழங்குகின்றன. இப்போது 2003-ஆம் வருஷத்துச் சட்டப்படி, தொழிலோ வேறு தக்க காரணமோ இல்லாமல் பொது இடத்தில் அதை எடுத்துச் செல்லக் கூடாது. காட்டில் கேட்பாரில்லை, கடைத்தெருவில் கேட்பார்கள்.

நிற்க. சில வருஷங்களுக்கு முன் தம்பெரே நகரில் உத்தியோகம் பார்க்கும் என் தமக்கை மகனிடம் போயிருந்தேன். ஏரிக்கரையில் அவனுக்குத் தெரிந்த கிழவர் ஒருவர் இருந்தார். தச்சு வேலை செய்து ஓய்வு பெற்றவர். நாங்கள் போனபோது, நீராவிக் குளியலறை அடுப்பைப் பற்றவைப்பதற்காக விறகுச் சிராயைப் பூக்கோவால் சீவிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு சீவலும் சுருண்டு சுருண்டு, கீழே விழாமல் சிராயிலேயே பூப்போல் நின்றது. ஒரே தீக்குச்சி; அடுப்பு பற்றிக்கொண்டது.

என்னிடம் 23 கத்திகள் இருப்பதை மருமான் பெருமையுடன் அவருக்கு எடுத்துச் சொன்னான்.

“அவற்றை வைத்துக்கொண்டு என்ன செய்கிறீர்கள்?” என்று கேட்டார் கிழவர்.

“வாரம் ஒரு முறை எண்ணெய் தடவித் துடைத்து வைக்கிறேன்.”

“அப்புறம்?”

அப்புறம் என்ன! நான் ஏரியைப் பார்த்தேன்.

ஊருக்குப் புறப்படும் நாளன்று அவரே வந்து ஒரு பூக்கோவை என் கையில் வைத்தார். புதியதல்ல, அன்று சிராய் சீவிய அதே கத்தி. தீட்டித் தீட்டி அலகு பாதியாகத் தேய்ந்திருந்தது. பிடியில் அவருடைய கட்டைவிரல் பதிந்த பள்ளம் இருந்தது. அந்நாட்டில் பூக்கோவைக் கொடுப்பது பெரிய கௌரவம். கத்தியை இனாமாக வாங்கினால் சிநேகம் அறுந்துவிடும் என்று ஐரோப்பாவில் ஒரு நம்பிக்கை இருப்பதால், நான் ஒரு ரூபாய் நாணயத்தைக் கொடுத்தேன். அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு, “இதனால் ஒரு கரண்டி செதுக்கி எனக்கு அனுப்புங்கள்” என்றார்.

இனிச் சொல்லப்போவது என் மடமை. பெட்டி தொலைந்தால் கத்தியும் போய்விடுமே என்று பயந்து அதைக் கைப்பையில் வைத்துக்கொண்டேன்! விமானத்தில் கத்தி கூடாதென்பது 2001-க்குப் பிறகு குழந்தைக்குக்கூடத் தெரியும். சோதனை செய்த அதிகாரி மிகவும் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார். திரும்பிச் சென்று பெட்டியில் சேர்க்க நேரம் இல்லை. கத்தியை ஒரு தொட்டியில் போட்டார். “இதற்குத் தடையில்லை” என்று உறையை மட்டும் என்னிடம் திருப்பிக் கொடுத்தார்.

டிஸம்பர் மாதம் கிழவரிடமிருந்து வாழ்த்து வந்தது. கீழே ஒரே வரி: கரண்டி ஆயிற்றா?

மறுநாளே மோராக் கத்தியைப் பெட்டியிலிருந்து எடுத்து, கொல்லையில் வெட்டிய பூவரசங் கிளையுடன் உட்கார்ந்தேன். பதினொரு நாள் ஆயிற்று. இடது கட்டைவிரலில் இரண்டு காயம். கரண்டி ஒரு பக்கம் கோணலாக, ஆனால் கரண்டி என்று சொல்லும்படியாகவே அமைந்தது. கட்டி, விலாசமும் எழுதினேன். தபாலில் சேர்க்க மட்டும் கை வரவில்லை. அவருடைய கத்தியால் செய்தது என்றல்லவா அவர் நினைப்பார்? உண்மையை எழுதலாமென்றால், முப்பது வருஷம் அவர் கையிலிருந்ததைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தேன் என்று எப்படி எழுதுவது?

அதன் பின் இரண்டு டிஸம்பர் வந்து போயிற்று. இரண்டிலும் அதே வரி. கரண்டியை என் மனைவி ஊறுகாய் ஜாடியில் போட்டுவிட்டாள், நன்றாக உபயோகப்படுகிறதாம். உறை பெட்டியில் இருக்கிறது. வாரம் ஒரு முறை அதற்கும் எண்ணெய் தடவுகிறேன்.