ஸஜ்தாவுக்குத் திரும்பிய பாதை



சென்ற ஆண்டு ஒரு மாலை, மக்தபில் பிள்ளைகளுக்கு ஸஜ்தாவைக் கற்பித்துக்கொண்டிருந்தோம். மூக்குடன் நெற்றி, இரு கைகள், இரு முழங்கால்கள், இரு பாதங்களின் விரல்கள் என ஏழு உறுப்புகளும் நிலத்தில் பட வேண்டும் என்றோம். பத்து வயதுப் பிள்ளை ஒருவன், "ஹஜ்ரத், அப்ப நீங்க ஏன் சேர்ல உக்காந்து தொழுறீங்க?" என்று கேட்டான். முழங்கால் வலி என்று சொல்லிச் சமாளித்தோம். ஆனால் அன்றிரவு உறக்கம் வரவில்லை.

மூல நோயால் அவதியுற்ற இம்ரான் இப்னு ஹுஸைன் (ரலி) அவர்களுக்கு, நிற்க இயலாவிடில் அமர்ந்தும், அதுவும் இயலாவிடில் ஒருக்களித்துப் படுத்தும் தொழ நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டிய செய்தி புகாரியில் உள்ளது. இச்சலுகை அல்லாஹ்வின் அருள். நோயுற்றோர் அதை ஏற்கக் கூச வேண்டியதில்லை. நம் நிலை உண்மையில் இயலாமைதானா என்பதே நம்மை உறுத்திய கேள்வி.

பெரியகுளத்தில் ஓர் இயன்முறை மருத்துவரைக் கண்டோம். முழங்காலில் பெரிய குறை இல்லை. இடுப்பு மூட்டும் மேல்முதுகுமே இறுகிவிட்டன என்றார். இடுப்பு மூட்டு பல திசைகளிலும் சுழல வல்லது. நாமோ ஆண்டுக்கணக்காக ஒரே இருப்பில், கிதாபின் மீது குனிந்தே பாடம் நடத்திவந்தோம். விலா எலும்புகளோடு பிணைந்த மேல்முதுகின் 12 முள்ளெலும்புகளும் அந்தக் கூனலிலேயே பழகிவிட்டன.

ஃபஜ்ருக்குப் பின் பத்து நிமிடப் பயிற்சி தொடங்கியது. முதலில் மல்லாந்து படுத்து, ஒவ்வொரு முழங்காலாக மார்பை நோக்கி இழுத்து 30 விநாடி நிறுத்துதல். பிறகு கைகளையும் முழங்கால்களையும் ஊன்றி, முதுகை மேலே வளைத்தும் கீழே தாழ்த்தியும் பத்து முறை. மூன்றாம் வாரம், அதே நிலையிலிருந்து பிட்டத்தைக் குதிகால்களை நோக்கிப் பின்னே கொண்டுசெல்லுதல். இடையில் இரண்டு தலையணைகள்.

அங்கே அவசரப்பட்டோம். தலையணைகளை எடுத்துவிட்டு ஒரேயடியாக அமர முயன்றதில் இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒரு வாரம் நிமிர முடியவில்லை. குறைவாயினும் நிலையாகச் செய்யப்படும் அமலே அல்லாஹ்வுக்கு மிக உவப்பானது என்ற நபிமொழியைப் பிள்ளைகளுக்கு எத்தனை முறை ஓதிக்காட்டியிருப்போம்! நம் உடலுக்கு அதன் பொருள் அன்றுதான் விளங்கியது.

மீண்டும் முதலிலிருந்து தொடங்கினோம். தலையணை இரண்டு ஒன்றாயிற்று. ஒன்று மடித்த துண்டாயிற்று. சுருட்டிய துண்டை மேல்முதுகின் கீழ் குறுக்காக வைத்துப் படுத்து, மார்பை விரித்தோம். கதவு நிலையைப் பிடித்தபடி குத்தவைத்து உட்காரப் பழகினோம். நம் வடுகபட்டிச் சந்தையில் பூண்டு தரம் பிரிக்கும் முதிய பெண்கள் மணிக்கணக்கில் இயல்பாக அமரும் இருப்பு அது! நமக்கு அரை நிமிடத்தை எட்டவே இரண்டு மாதம் பிடித்தது.

ஐந்தாம் மாதம், ஒரு ஃபஜ்ரில், நெற்றி நிலத்தைத் தொட்டது. தஸ்பீஹ் சொல்ல நா எழச் சற்று நேரமாயிற்று. இன்றும் அத்தஹிய்யாத் இருப்பில் மடித்த துண்டு தேவைப்படுகிறது. தராவீஹின் கடைசி ரக்அத்துகளுக்கு நாற்காலியை நாடுகிறோம். அதில் நமக்கு வெட்கமில்லை.

முயல விரும்புவோர் ஒன்றை மனத்தில் கொள்க: இழுப்பு உணரலாம், குத்தும் வலி கூடாது. கால் மரத்தாலோ, முன்பே மூட்டு அறுவையோ தண்டுவடச் சிக்கலோ இருந்தாலோ, மருத்துவரைக் கேட்ட பிறகே தொடங்குக. நம் உடலுக்கும் நம் மீது உரிமை உண்டு.

இறுதி மூச்சுவரை ஸஜ்தாவில் பணியும் உடலையும் உள்ளத்தையும் அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.